இன்னாத்துக்கு இந்த ரூபாய்?

கப்பல் கரையை நெருங்கும் கடைசி நாளில் முதல் வகுப்புப் பயணிகளுக்குச் சில நோய்கள் வரும். கப்பல் டாக்டருக்கு இவை தெரியாது. பர்சர் ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியும். சிலருக்குப் பார்வை மங்கிவிடும். தினமும் காலைக் காப்பி கொண்டுவந்தவர் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. சிலருக்கு உலாவும் ஆசை பிறக்கும். அதுவும் பணியாளர் யாரும் நிற்காத பக்கமாகவே கால் போகும். இன்னும் சிலருக்கு ஞானம் வந்து, இனாம் கொடுப்பது மனிதனைச் சிறுமைப்படுத்தும் பழக்கம் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்க ஆரம்பிப்பார்கள்.

ஐம்பதுகளில், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்த் திரும்பிய ஒரு பயணிகள் கப்பலில் நான் அந்தக் குமாஸ்தாவாக இருந்தேன். பர்சர் என்பவர் சீட்டு, சாப்பாடு, சம்பளம், புகார் எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதிகாரி. பொறுப்பு அவருடையது, வேலை என்னுடையது.

கப்பலில் இனாம் கொடுப்பதற்கு எழுதாத விதிகள் இருந்தன. கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு, கரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பு கொடுக்க வேண்டும். தலைமைப் பணியாளரான பட்லருக்கு உறையில். கேபின்காரருக்குக் கையில், மடித்து. மேஜைக்காரருக்குத் தட்டின் அடியில். விதி தெரியாதவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். யாருக்கெல்லாம் கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மேல்தளம் வரைக்கும் பணியாளர்கள் வரிசையாக நிற்பார்கள். நிற்கச் சொல்லி உத்தரவு கிடையாது. எல்லோரும் ஒரே சமயத்தில் தற்செயலாக நிற்பார்கள். அந்த வரிசையில் ஒருநாளும் நிற்காதவர் ஒருவர் உண்டு. பெண் பயணிகளின் கேபின்களைப் பார்த்துக்கொண்ட ஸ்டூவர்டஸ் அவர். ராயபுரம் கல்மண்டபத்துக்காரர். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். தெருவில் அவரைக் கப்பலக்கா என்றார்கள்; கப்பலிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

நெட்டையான உடம்பு. வெள்ளைப் புடவை, கம்பெனி வில்லை, காலில் கான்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூவா என்று சிரித்தவர்களெல்லாம் ஈரத் தளத்தில் வழுக்கி விழுந்தார்கள், அவர் விழவில்லை. பயணிகள் "ஆயா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டால், "ஆயா வூட்ல கீறாம்மா. நான் ஸ்டூவர்டஸ். இன்னா வோணும்?" என்பார். கோபமே இருக்காது குரலில். தபால்காரர் முகவரியைத் திருத்துவதுபோல இருக்கும்.

அவர் இனாம் வாங்காதவர் அல்ல. அப்படி ஒருவராக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், வாங்காதவர்கள் சலிப்பூட்டுவார்கள். அவர் வாங்குவார். ஆனால் யார் எதை நீட்டினாலும் கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னாத்துக்கு?"

மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் மனைவி, முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவர், போகிற வழியெல்லாம் படுத்த படுக்கையாக இருந்தார். பினாங்கில் இறங்குகிற அன்று ஒரு நோட்டை நீட்டினார்.

"இன்னாத்துக்கும்மா?"

"சும்மா வெச்சுக்கோயேன்."

"சும்மா குடுக்கறதுக்குப் பினாங்குல கோயில் கீதும்மா. வாசல்ல நெறைய பேரு குந்திகினு கீறாங்க."

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. திமிர் பிடித்தவள் என்று என்னிடம் வந்து புகார் சொன்னார். எழுதிக்கொள்வதாகச் சொன்னேன், எழுதவில்லை. புகார்ப் படிவத்தில் "ஊழியர் பணம் பெற மறுத்தார்" என்பதற்கு இடமில்லை. இறங்கும் படிக்கட்டு வரை போன அம்மாள் திரும்பி வந்தார். கப்பலக்கா மெத்தை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தார்.

"நான் எழுந்து உட்கார முடியாம இருந்தப்போ என் தலையை உன் மடியில வெச்சுண்டு தலை வாரிப் பின்னி விட்டியே. எங்கம்மாவுக்கு அப்புறம் யாரும் எனக்குப் பண்ணலை. அதுக்கு."

கப்பலக்கா நோட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அதுக்கா? அப்ப இது கம்மி."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்த அம்மாளும் சேர்ந்து சிரித்துவிட்டார். இன்னொரு நோட்டும் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள், அடுத்த வருஷமும் கப்பலக்கா இதே கப்பலில்தானா என்று விசாரித்துச் சீட்டு வாங்கியது தெரியும்.

கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரால் கடைசி வரைக்கும் பதில் சொல்ல முடியவில்லை. "நீ நல்ல பொம்பளைங்கறதுக்காக" என்றார். "அதுக்குத் துட்டு வாங்கினா கெட்ட பேருங்க" என்று சொல்லிவிட்டுக் கப்பலக்கா போய்விட்டார். அந்தப் பெரிய மனிதர் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலீங்க" என்றார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் என்றேன்.

இந்தக் கேள்வி கப்பலக்காவுக்குக் கப்பலில் வந்தது அல்ல என்பதை அவருடைய கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் தோப்பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கப்பலில் துப்புரவு வேலை செய்பவரைத் தோப்பாஸ் என்பார்கள். எங்கள் தோப்பாஸ் கத்திவாக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர். அவருடைய தட்டு தனி, குவளை தனி, சாப்பிடும் இடம் தனி. இதுவும் எழுதாத விதிதான். அவர் கையிலிருந்து கப்பலில் யாரும் எதையும் வாங்கியதில்லை. வாளியைக்கூட அவர் கீழே வைத்த பிறகுதான் அடுத்தவர் எடுப்பார். பயணிகளும் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுவார்கள். அவருக்கான காசைத் தளத்தில் போட்டுவிட்டு ஷூ நுனியால் காட்டுவார்கள்.

ஜமீன் வாரிசு ஒருவர் ஒருநாள் அப்படிப் போட்டார். தோப்பாஸ் குனிவதற்கு முன்பு கப்பலக்கா குறுக்கே வந்தார்.

"சார், துட்டு கீய வுயுந்துட்ச்சி."

"தெரியும். அது அவனுக்குத்தான்."

"அவரு கை மேல கீது சார். கீய கால்தான் கீது."

பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜமீன் வாரிசுக்கு வேறு வழியில்லை. குனிந்து எடுத்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை. கம்பிக் கைப்பிடியின்மேல் வைத்துவிட்டுப் போனார். நான் பிறகு அதைச் சுட்டிக்காட்டியபோது கப்பலக்கா, "இன்னா பண்றது பேனா சார், பாதி தூரம் வந்தாரு. மீதியும் வருவாரு" என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் பேனா சார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு புதிய யோசனை செய்தது. கத்திரி வெயிலுக்குத் தப்ப நினைக்கும் பணக்காரர்களுக்காக உல்லாசப் பயணச் சீட்டு. எங்கேயும் வேலை கிடையாது. ஏறி, சிங்கப்பூர் வரை கடற்காற்று வாங்கி, அதே கேபினில் திரும்பி வரலாம். சீட்டின் விலையிலேயே சேவைக் கட்டணமும் சேர்ந்தது. பணியாளர்களுக்குத் தனியாக இனாம் தரவேண்டியதில்லை என்று ஓர் அறிவிப்பை நான்தான் டைப் அடித்து ஒவ்வொரு கேபின் கதவுக்குப் பின்னாலும் ஒட்டினேன்.

கடைசி நாள் நோய்கள் எல்லாம் ஒரே அறிவிப்பில் குணமாகிவிட்டன. யாருக்கும் பார்வை மங்கவில்லை. அதற்குப் பதிலாக முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் மணி அடிக்கும் வியாதி வந்துவிட்டது. தலையணை தட்ட மணி, ஜன்னல் திறக்க மணி, அதை மூட மறுபடி மணி. "அதுக்கெல்லாம் சேர்த்துத்தானே கட்டியிருக்கோம்" என்று ஒரு குடும்பத் தலைவர் தன் மகளுக்குப் பாடம் சொன்னதை நான் கேட்டேன்.

அந்த முதல் உல்லாசப் பயணத்தில் அந்தமான் கடலில் பருவக்காற்று முந்திக்கொண்டது. உல்லாசம் முழுவதும் வாளிக்குள் போயிற்று. கேபின், நடைபாதை, சாப்பாட்டுக் கூடம் என்று வித்தியாசமில்லாமல் நாறியது. மேஜைக்காரர்களே படுத்துவிட்டார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். கப்பலக்கா கேபினுக்குள்ளே, தோப்பாஸ் கேபினுக்கு வெளியே. கப்பல் சாயும்போது வாளி தளும்பாமலிருக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடைபாதையில் போனதை என் ஆபீஸ் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான் வேறு எதையும் பிடிக்கும் நிலையில் இல்லை.

சென்னை வந்து சேர்ந்ததும் பட்டுவாடா. மேஜையில் பட்டியலை விரித்து உட்கார்ந்தேன். சேவைக் கட்டணம் பதவிப்படி பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். கப்பலக்காவின் முறை வந்தது.

"இன்னாத்துக்கு பேனா சார் இது?"

"சேவைக் கட்டணத்துல உங்க பங்கு."

"யாரு குட்த்தது?"

"பயணிகள் எல்லாரும்தான். சீட்டு வாங்கும்போதே கட்டிட்டாங்க."

"சீட்டு வாங்கசொல்ல என்னை அவுங்களுக்குத் தெரியுமா? நான் இன்னா செய்வேன், இன்னா செய்யமாட்டேன்னு தெரியுமா? ஜோசியம் பாத்தா கட்னாங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பட்லர் முன்னால் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், நேர்மையானவர்.

"ஏம்மா, கையெழுத்தப் போட்டுட்டு நவுரு. பின்னால ஆளு நிக்கி."

"போடறேண்ணே. தோப்பாஸுக்கு எவ்ளோ?"

பட்லர் என்னைப் பார்த்தார். நான் விதியைச் சொன்னேன். தோப்பாஸ் தளப் பகுதி ஊழியர். இந்தத் தொகை பயணிகள் சேவைப் பகுதிக்கு மட்டும். அதனால் அவர் பட்டியலில் இல்லை.

"வாந்தி எந்தப் பகுதி சார்?"

விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதில் இதற்கு விடை இல்லை.

"முன்ன மாதிரி இருந்தா யாராச்சும் தளத்துலயாவது ஒரு காசு போட்டிருப்பாங்க. இப்ப அதுவும் லேது. நான் அந்தாளு செஞ்ச வேலைக்கும் சேத்து வாங்கிகினு வூட்டுக்குப் போணுமா?"

பட்லருக்குக் குரல் ஏறிவிட்டது. "நீ என்ன நினைச்சிக்கிட்டிருக்க? மேஜைக்காரனா எத்தனையோ வருசம் தட்டுக்கு அடியில கைய விட்டுத் துழாவுனவன் நான். ஒரு சேட்டு கிழிஞ்ச நோட்டக் குடுத்து, ஒட்டிக்கோன்னாரு. சிரிச்சிட்டே ஒட்டுனேன். இன்னிக்குத்தான் சம்பளம் மாதிரி நிமிந்து நின்னு, கையெழுத்துப் போட்டு வாங்குதேன். அதுல மண்ணப் போடாத."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"நீ நிமிந்து நின்னு வாங்கு அண்ணே. எனுக்கு மெய்யாலுமே சந்தோசம். அவரு எங்க நிக்கிறதுன்னுதான் கேக்கறேன்."

உறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியார் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். பட்டியலில் ஒரு கையெழுத்து இல்லையென்றால் கணக்கை மூட முடியாது. பட்டுவாடா ஆகாத தொகைக்குக் காரணம் எழுதி, கேப்டன் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்கீனம் என்று எழுதச் சொன்னார் பட்லர். நான் "எதற்கான தொகை என்று ஊழியர் விளக்கம் கேட்கிறார்" என்று எழுதினேன். வீரம் ஒன்றும் இல்லை. ஒழுங்கீனம் என்றால் விசாரணை, சாட்சி, மூன்று பிரதி. விளக்கம் என்றால் ஒரு வரி. கேப்டன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் கோப்பு முடியாத ஊழியரை அடுத்த பயணத்துக்குச் சேர்ப்பதில்லை என்று பட்லர் சொல்லிவிட்டார். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு பயணம் தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும். பிறகு வேலைக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் வாலில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசை அந்த நாட்களில் துறைமுக வாசலில் தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் பார்த்ததில்லை. பட்லரும் கல் நெஞ்சர் அல்ல. "வீட்டுக்குப் போயி எடுத்துச் சொல்லும் வே. ஒரு கையெழுத்து. போட்டா கப்பல். போடலைன்னா கெடையாது" என்று என்னை அனுப்பினார்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறையும் சமையல் இடமும் கொண்ட வீடு. வாசலில் அவருடைய கணவர் குந்தியபடி சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கிரேன் சங்கிலி காலில் பட்டதிலிருந்து வீட்டோடு இருந்தார். அந்த வீட்டில் அரிசி வந்ததெல்லாம் கப்பலிலிருந்துதான். குழாயடியில் ஒரு பெண் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, ராணியம்மா எயுந்தாச்சா?"

"ராணி எயுந்துகினா இன்னா, ராஜா இன்னும் மீனு கயுவிகினுதானே கீறாரு!" என்றவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் சார். ஒரு கையெயுத்துதானமே, போட்டுட்டு வாயேன்னு. 'இன்னாத்துக்கு'ன்றா. இது இன்னிக்கா சார்? எங்க மாமு பரிசம் போடப் போனப்பவே உள்ள குந்திகினு கேட்டவ. 'இன்னாத்துக்கு என்னைக் கட்டிக்கிறாராம், கேட்டுச் சொல்லுங்க'ன்னு. தெருவே சிரிச்சிது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கருவாட்டுக் கொயம்பு நான் சோக்கா வெப்பேன். துன்றதுக்கு ஓராளு வோணும்னேன்."

உள்ளேயிருந்து கப்பலக்காவின் குரல் வந்தது. "பொய் சொல்லல சார் அந்தாளு. அதுக்குத்தான் கட்டிகினேன்."

வெளியே வந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த எல்லா நியாயங்களையும் சொன்னேன். வாங்கிக்கொண்டு அதில் பாதியைத் தோப்பாஸுக்குத் தனியாகக் கொடுத்துவிடலாமே என்றும் சொன்னேன். அது எனக்கே நல்ல யோசனையாகப் பட்டது.

"நான் குடுத்தா அது நான் போடற பிச்சை சார். அவரு செஞ்ச வேலைக்கு அவரு வாங்கணும்."

"வேலை போயிடுமே."

"போனா பேஜாருதான்." கணவரின் காலை ஒரு கணம் பார்த்தார். "ஆனா இன்னாத்துக்குன்னு தெரியாம ஒருதபா வாங்கிட்டேன்னு வெய்யி, அப்பால இன்னாத்துக்குன்னாலும் வாங்குவேன் பேனா சார். எனுக்கு என்னைத் தெரியும்."

கணவர் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, "கத்திவாக்கத்துல எறா உரிக்க ஆளு எடுக்கறாங்களாம். சொல்லி வெக்கட்டா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குடும்பத்தின் ஆலோசனைக் கூட்டம் அவ்வளவுதான்.

கப்பல் அவரில்லாமல் கிளம்பியது. அவருக்குப் பதிலாக எழும்பூர் பங்களாக்களில் வேலை பார்த்த ஓர் அம்மாள் வந்தார். மூன்று நற்சான்றிதழ்கள் வைத்திருந்தார். எல்லாம் கரையில் வாங்கியவை. நாகப்பட்டினம் வருவதற்குள் அந்த அம்மாள் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கப்பால் கடலும் சும்மா இல்லை.

மணிகள் அடித்தபடி இருந்தன. பெண்கள் கேபினுக்குள் ஆண் பணியாளர் போக முடியாது. கடைசியில் பட்லரே போனார். திரைக்கு வெளியே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாந்திக் கிண்ணமான பேசினை மட்டும் உள்ளே நீட்டியபடி நின்றார். நிரம்பி வந்ததும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தோப்பாஸ் நின்றார். கப்பல் சாய்ந்தது. கீழே வைத்துவிட்டு அவர் எடுக்கும்வரை காத்திருக்க பேசின் சம்மதிக்கவில்லை. பட்லர் ஒரு பக்கம் பிடிக்க, தோப்பாஸ் மறுபக்கம் பிடித்தார். சிங்கப்பூர் வரைக்கும் அப்படித்தான் போயிற்று. திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இறால் விலை பற்றித்தான்.

சென்னையில் தலைமை அலுவலகத்தின் பதில் காத்திருந்தது. கேள்வியை மேலே அனுப்புவது எங்கள் வேலை. அதைக் கீழே தள்ளுவது அவர்கள் வேலை. "இது உள்ளூர் நிலையில் தலைமைப் பணியாளர் தீர்மானிக்க வேண்டியது" என்று எழுதியிருந்தார்கள். பட்லரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அடுத்த பயணத்துப் பட்டியல்ல இன்னொரு வரி போடும் வே. தோப்பாஸ்னு."

"எந்தப் பகுதின்னு எழுத?"

"பேசின் பகுதின்னு எழுதும்" என்றார் எரிச்சலாக. நான் பயணிகள் சேவை என்றே எழுதினேன்.

பிறகு இரண்டு பேரும் கல்மண்டபம் போனோம். கப்பலக்கா அப்போதுதான் கத்திவாக்கத்திலிருந்து வந்திருந்தார். இறால் உரித்து உரித்து விரல் நுனிகளெல்லாம் வெந்து வீங்கியிருந்தன. அந்த விரல்களால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பட்லரைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குண்ணே வந்தீங்க?"

பட்லரிடம் கம்பெனிக் கடிதம் இருந்தது. அதைக் காட்டி, உத்தரவு வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் சட்டைப் பையைத் தொடவே இல்லை.

"பேசின் பிடிச்சேன் தாயி. மூணு சோப்பு தேய்ச்சிட்டேன், கை இன்னும் நாறுது. அதுக்குத்தான் வந்தேன்."

கப்பலக்கா அவர் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"எனுக்கும்தான் நாறுது. உள்ள வாங்க. கொயம்பு கீது."

கணவர் அன்று பரிமாறிய கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் அதைச் சாப்பிடாத வீட்டில் பிறந்தவன், மோர் குடித்தேன். பட்லர் மூன்று தடவை சோறு வாங்கினார். கப்பலக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்த காரணத்தைத் திரும்பும் வழியில் சொன்னேன்; சரியான காரணந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தோப்பாஸ் பட்டியலில் ஏறிவிட்டதைக் கப்பலக்காவிடம் சொன்னேன்; அடுத்த பயணத்துக்கு வந்தார், ஷூவும் புடவையுமாக. அந்தப் பயணம் முடிந்து மறுபடி பட்டுவாடா. தோப்பாஸ் முதல் தடவையாக அந்த வரிசையில் நின்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. பின்னால் இருந்த இடைவெளியில் கப்பலக்கா வந்து நின்றுகொண்டார். தோப்பாஸ் பெருவிரல் ரேகை வைத்தார். நான் உறையை எடுத்தேன். மேஜையில் வைப்பதா, கையில் கொடுப்பதா என்று விதி எதுவும் இல்லை. கையில் கொடுத்தேன்.

அவர் நகரவில்லை. உறையைப் பிரித்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்தார். திரும்பி, கப்பலக்காவிடம் நீட்டினார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்து யாரும் வாங்கியதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"இன்னாத்துக்கு நைனா?"

"எனுக்கோசரம் கேட்டியேக்கா. அதுக்கு."

"அது வக்கீல் வேலை. அதுக்கு நான் துட்டு வாங்கறதில்ல. உள்ள வையி."

அவர் உள்ளே வைக்கவில்லை. நோட்டு நீட்டியபடியே இருந்தது. யோசித்தார். அவசரம் இல்லாமல் யோசித்தார். பட்லர் பக்கத்திலேயே நின்றார்; நவுரு என்று அவர் சொல்லவில்லை.

"அன்னிக்கி வாளிய ஒரு பக்கம் நான் புடிச்சேன். இன்னோரு பக்கம் நீ புடிச்சே." நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு."

"ஆங். அது வேலை."

கப்பலக்கா கையை நீட்டி, அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அதுக்கா? அப்ப இது கம்மி."

அத்தனை வருஷத்தில் தோப்பாஸ் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான். பட்லர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "நவுரும்மா, பின்னால ஆளு நிக்கி" என்றார்.